வரைபுத்தாளா, எக்செலா: ஆவியில் எண்ணெய் எவ்வளவு?

தோடம்பழத் தோலைக் கொதிநீராவியில் காய்ச்சி வடித்தால் ஆவி எத்தனை பாகையில் வரும், அதில் எண்ணெய் எவ்வளவு? இதை வரைபுத்தாளிலும் பார்க்கலாம், எக்செலிலும் பார்க்கலாம். நீரும் எண்ணெயும் கலக்காதவை. இரண்டின் ஆவியமுக்கமும் சேர்ந்து வெளியமுக்கத்தைத் தொட்டதும் கொதிக்கும். யாழ்ப்பாணம் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர், 760 மில்லிமீற்றர் இரசம் என்றே வைக்கலாம். (நுவரெலியாவில் அந்தச் சலுகை இல்லை. அங்கே வெறும் நீரே 94 பாகைக்குக் கிட்டக் கொதித்துவிடும்.)

வரைபுத்தாளில் எண்ணெயின் ஆவியமுக்கம் வெப்பநிலையோடு ஏறும் வளையியையும், 760இலிருந்து நீரின் அமுக்கத்தைக் கழித்த வளையியையும் கீறுகிறோம். வெட்டும் இடம் விடை. தோலெண்ணெயில் பெரும்பங்கு லிமொனீன். அதற்கு ஏறத்தாழ 97.5 பாகை. அங்கே அமுக்கம் நீருக்கு 695 மில்லிமீற்றர், லிமொனீனுக்கு 65. 65ஐ லிமொனீனின் மூலர்த் திணிவு 136ஆலும் 695ஐ நீரின் 18ஆலும் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால், ஒரு கிலோ நீராவியோடு 0.7 கிலோ எண்ணெய். இது உச்சவரம்பு, தோலுக்குள்ளிருந்து எண்ணெய் அவ்வளவு வேகமாக வெளியே வராது.

என்னிடம் படிக்கும் பெடியன் ஒருவன் 98 என்று வாசித்து, நீரின் 707ஐ 760இலிருந்து கழித்து 53 என்று எடுத்தான். எண்ணெய் 0.57 கிலோவுக்கு இறங்கிவிட்டது. அரைப் பாகைக்கு இவ்வளவா? அந்த இடத்தில் நீரின் அமுக்கம் பாகைக்கு 25 மில்லிமீற்றருக்கு மேல் ஏறும். லிமொனீன் மூன்றுகூட ஏறாது. கழிக்காமல் எண்ணெயின் வளையியிலேயே வாசித்திருந்தால் 66 வந்திருக்கும், பிழை தெரிந்தே இராது.

எக்செலில், வெப்பநிலையிலிருந்து ஆவியமுக்கத்தைத் தரும் அன்ரொயின் சமன்பாட்டைப் போட்டு, விடையைத் தானே தேடித்தரும் கோல் சீக்கை (Goal Seek) அழுத்தினால் சரி. ஆனால் மாறிலிகளின் அலகைப் பார்க்க வேண்டும். ஓர் அட்டவணை செல்சியஸும் பத்தடி மடக்கையும் என்றிருக்கும், இன்னொன்று கெல்வினும் இயற்கை மடக்கையும். மாறிப்போட்டால் கூசாமல் ஒரு பிழையான விடையைத் தரும்.

ஒரே சேர்வை என்றால் நான் வரைபுத்தாள் பக்கம்தான். இரண்டு திரவமும் பானையில் இருக்கும்வரை வெப்பநிலையும் ஆவியின் அமைப்பும் அசையா. ஒரு புள்ளி போதும். பல சேர்வைகள் கலந்த எண்ணெயில் அந்த வசதி இல்லை. இலேசானவை முதலில் போய்விடும், மிஞ்சியதன் மூல் பின்னங்கள் மாறும், ஒவ்வொரு சேர்வையின் அமுக்கமும் அதன் மூல் பின்னத்துக்கு ஏற்ப இருக்கும் என்ற இரவோற்றின் விதிப்படி எண்ணெயின் அமுக்கம் இறங்கும், வெப்பநிலை 100ஐ நோக்கி ஊரும். கொஞ்சம் வடித்து, மீதியைக் கணக்கிட்டு, திரும்பத் தீர்த்து என்று வரிவரியாகப் போக எக்செலை விட்டால் வழியில்லை.

வெப்பமானி 100இல் போய்க் குந்திவிட்டால் வரைபுத்தாளும் வேண்டாம், எக்செலும் வேண்டாம். வருவது கிட்டத்தட்ட வெறும் நீர்தான், அடுப்பை நிறுத்தலாம்.