கிங்ஸ்வுட்டில் நீல எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர்: ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்

ஹோல்டன் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியின் பழைய காருக்கு நல்ல உதிரிபாகம் வேண்டுமென்றால் பளபளக்கும் கேட்டலாக்கைப் புரட்டுவதற்கு முன் அதன் தம்பி தங்கைகளைப் பாருங்கள். அந்தக் கம்பெனியே பின்னால் வந்த மாடல்களில் திருத்திக்கொண்ட பாகங்களைவிடப் பொருத்தமானது வெளியில் கிடைப்பது கடினம். என் 1973 எச்.கியூ. கிங்ஸ்வுட்டில் செய்த மாற்றங்களில் செலவுக்கு அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: 1980-ல் ஹோல்டனின் வி.சி. கமடோர் மாடலோடு வந்த, நீல வண்ணம் பூசிய எஞ்சினின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு வரிசையாக மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம். பழைய கார் உடைக்கும் யார்டில் வாங்கியது. மெல்பர்னில் கோடையும் குளிர்காலமும் ஓட்டிப் பார்த்துவிட்டதால் இப்போது தைரியமாக எழுதலாம்.

எச்.கியூ. பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1971 ஜூலையில் வந்து 1974 வரை விற்ற இந்த மாடல் 4,85,000-க்கும் மேல் தயாரானது. வேறெந்த ஹோல்டன் மாடலும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. முன்னாலும் பெஞ்ச் சீட், ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். பள்ளிக்கூடம், கடற்கரை, கேரவன் இழுப்பது என்று ஒரு தலைமுறை ஆஸ்திரேலியக் குடும்பங்கள் எல்லாவற்றையும் இதில்தான் செய்தன. என்னுடையது 202 என்று எல்லோரும் சொல்லும் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர். மூன்று கியர், லீவர் ஸ்டீயரிங் தண்டில். பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு அந்த லீவரும் புதிதல்ல, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை வெட்டும் பாயிண்ட் முனைகளைத் தேய்க்கும் வேலையும் புதிதல்ல.

நாங்கள் இருப்பது மெல்பர்னின் புறநகரான டாண்டினாங் பக்கம். 1956-ல் ஹோல்டன் இங்கே ஆலை திறந்தபோது, தொழிலாளர்களுக்காகவே 'ஜெனரல் மோட்டார்ஸ்' என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் கட்டினார்கள். 2002-ல் அதையும் மூடியாயிற்று. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போனவர். கதவு பொருத்தும் பிரிவில் இருந்தாராம். இந்த டிஸ்ட்ரிபியூட்டர் யோசனையைச் சொன்னதே அவர்தான். 2017 அக்டோபரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் எலிசபெத் ஊரில் இருந்த ஆலையும் மூடி, 2020-ல் ஹோல்டன் என்ற பெயரையே நிறுத்துவதாக அறிவித்த பிறகு, எந்த மாடலின் எந்த பாகம் எதில் சேரும் என்பதெல்லாம் இப்படிப்பட்டவர்களிடம்தான் மிச்சமிருக்கிறது. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பழைய பாயிண்ட் செட்டில் என்ன பிரச்சினை? புதிதாகப் போட்டவுடன் ஒன்றுமில்லை. ஆனால் கேமில் உரசும் அந்தச் சின்னக் கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், மெல்லப் பின்னால் போகும். கூடவே முனைகள் கருகும், கண்டன்சர் மனம்போல வேலை செய்யும். வண்டி ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. இங்கே குளிர்காலமான ஜூலை மாதக் காலையில் ஸ்டார்ட்டரை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் சுற்ற வேண்டியிருக்கும், ஐடிலில் லேசாக உதறும், மேட்டில் முனகும். பாதிப்பேர் கார்புரேட்டரைத்தான் சந்தேகப்பட்டு அதைக் கழற்றுவார்கள்.

நீல எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் கிடையாது. ஆறு பல் கொண்ட ஒரு இரும்பு நட்சத்திரம் சுற்றுகிறது, பக்கத்தில் ஒரு பிக்கப் காயில். பல் கடக்கும்போது எழும் சிறு மின்துடிப்பைப் பார்த்து, வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் பாஷ் கம்பெனியின் மின்னணு மாட்யூல், ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டுகிறது. உரசித் தேய எதுவுமில்லை. 1963-ல் ஈ.எச். மாடலோடு வந்த சிவப்பு எஞ்சினைத்தான் ஹோல்டன் திருத்தி நீலமாக்கியது. அதனால் எச்.கியூ.வின் சிவப்பு எஞ்சினில் இந்த டிஸ்ட்ரிபியூட்டர் எதையும் வெட்டாமல் ராவாமல் அப்படியே இறங்கி உட்காருகிறது.

வாங்கும்போது வி.சி., வி.எச். கமடோரில் இருந்து கழற்றியதா என்று உறுதி செய்யுங்கள். அடுத்து வந்த வி.கே.யில் ஸ்பார்க் நேரத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது, அந்த டிஸ்ட்ரிபியூட்டர் நமக்கு உதவாது. கையில் எடுத்ததும் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் புஷ் போயிருக்கிறது, வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். டைமிங்கை முன்தள்ளும் வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். உச்சியில் சுழலும் ரோட்டரைத் திருப்பி விட்டால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். பிக்கப்பில் இருந்து மாட்யூலுக்கு வரும் ஒயர்களையும் வளைத்துப் பாருங்கள். நாற்பது வருட எஞ்சின் சூட்டில் அந்த இன்சுலேஷன் அப்பளமாய் நொறுங்குகிறது. என்னுடையதில் அந்த ஒயரை மாற்றித்தான் போட்டேன்.

பொருத்துவது ஒரு மதிய வேலை. முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ரோட்டர் பார்க்கும் திசையைக் குறித்துவிட்டுப் பழையதைத் தூக்குங்கள். கீழே இருக்கும் கியர் சாய்ந்த பல் கொண்டது. புதியது இறங்கும்போது ரோட்டர் கொஞ்சம் சுற்றிக்கொள்ளும், அதற்கு இடம் விட்டு முன்கூட்டியே திருப்பி இறக்க வேண்டும். சிலிண்டர்களில் ஸ்பார்க் விழும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-5-3-6-2-4, அது மாறவில்லை. முக்கியமான வேலை ஒயரிங்கில் இருக்கிறது. பழைய காயிலுக்கு வரும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒயர் குறைத்து அனுப்பும். மாட்யூலுக்கு முழு 12 வோல்ட் வேண்டும். ஆகவே இக்னிஷன் சுவிட்சில் இருந்து ரிலே வைத்துத் தனி லைன் இழுத்தேன், காயிலையும் இந்த மாட்யூலுக்கு உரியதாக மாற்றினேன். மாட்யூலுக்கு அடியில் வெப்பம் கடத்தும் வெள்ளைப் பேஸ்டைத் தாராளமாகத் தடவ வேண்டும், இல்லையென்றால் வெந்துவிடும். பிளக் இடைவெளியை 1.1 மில்லிமீட்டருக்குத் திறந்தேன்.

எஞ்சின் புல்லியில் உள்ள டைமிங் கோட்டைப் பார்க்க, டைமிங் லைட்டை மகள் பிடித்தாள். "அப்பா, கோடு ஆடவே மாட்டேங்குது" என்றாள். பாயிண்ட் இருந்தபோது அந்தக் கோடு பக்கத்துக்குப் பக்கம் நடனமாடும். இப்போது வரைந்து வைத்த மாதிரி நிற்கிறது.

ஓட்டத்தில் என்ன வித்தியாசம்? குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்துச் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கிறது. சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் இருந்த நடுக்கம் போய்விட்டது. மவுண்ட் டாண்டினாங் மலைச்சாலையில் இரண்டாம் கியரில் ஏறும்போது பழைய விக்கல் இல்லை. குதிரைசக்தி கூடியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எஞ்சினிடம் ஏற்கெனவே இருந்த சக்தி தினமும் ஒரே மாதிரி கிடைக்கிறது, அவ்வளவுதான். குடும்பத்தோடு போகும் வண்டிக்கு எனக்கு அது போதும்.

குறை இல்லாமல் இல்லை. பாயிண்ட் தேய்ந்தால் வழியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வீடு வந்து சேரலாம். மாட்யூல் போனால் வண்டி நின்ற இடத்தில் நின்றதுதான். இணையத்தில் வாங்கிய ஒரு மலிவு மாட்யூல் எஞ்சின் சூடானதும் செத்து, ஆறியதும் உயிர்பெற்று என் பொறுமையைச் சோதித்தது. அசல் பாஷ் வாங்குங்கள், இன்னொன்றை டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள். பானெட்டைத் திறந்ததும் இது அசல் இல்லை என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், கண்காட்சிக்கென்று வண்டியை வைத்திருப்பவர்களுக்கு இது சரிவராது.

இதே குடும்ப வழியில் செய்த இன்னொரு வேலை முன் பக்க பிரேக். என் வண்டி நான்கு சக்கரத்திலும் டிரம்மோடு வந்தது. அந்த மலைச்சாலையில் இறங்கும்போது சூடேறி மிதி பலன் தராமல் போவதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எச்.கியூ. முதல் எச்.இசட். வரை அடிப்படை ஒன்றே என்பதால், ஒரு எச்.இசட்.டின் முன் சப்ஃபிரேமை (எஞ்சினையும் முன் சக்கரங்களையும் தாங்கும் சட்டத்தை) டிஸ்க், சஸ்பென்ஷனோடு முழுசாக வாங்கி மாட்டினேன். இதில் பிரேக்கைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. எச்.கியூ. வந்த காலத்தில் ஹோல்டனின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் ராபர்ட்ஸ் கெடிலாக்கில் இருந்து வந்தவர். மெத்தென்ற ஓட்டமும் வளைவில் மூக்கை வெளியே தள்ளும் குணமும்தான் பாதுகாப்பு என்பது அவர் கொள்கை. அதைத் திருத்தியவர் ஓப்பலில் இருந்து வந்த பீட்டர் ஹானன்பெர்கர். ரேடியல் டயருக்கேற்ப அமைத்த அந்த சஸ்பென்ஷன் 1977-ல் எச்.இசட்.டில் வந்தது. இரண்டையும் ஓட்டிவிட்டேன். ஹானன்பெர்கர் பக்கம்தான் நான். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி இப்போது திரும்புகிறது.

இதில் இரண்டு எச்சரிக்கை. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்குக்கு அதையே விட்டால் பேட் எப்போதும் உரசும், ஆகவே டிஸ்க் வண்டியின் சிலிண்டரையே போடுங்கள். பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை வந்தது 2003 கடைசியில்தான், அதற்கு முந்தைய லைனிங்கில் அது இருக்கலாம். முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டுங்கள். விக்டோரியா மாநிலத்தில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு முன்பே, வண்டி மாற்றங்களுக்குச் சான்றளிக்கும் ஒரு வி.ஏ.எஸ்.எஸ். பொறியாளரிடம் பேசிவிடுவது நல்லது. பழைய கார்களுக்கான கிளப் பெர்மிட்டில் வருடத்துக்கு 45 நாளோ 90 நாளோதான் ஓட்டப் போகிறோம் என்றாலும் பிரேக் பிரேக்தான்.

மற்றவை சுருக்கமாக. ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய கதவு ரப்பர் செட் மூலையில் சேரவே இல்லை, காசு வீண். சுருண்டு இழுக்கும் வகை சீட் பெல்ட்டுக்கு மாறியது வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. பின் கண்ணாடிக்கு அடியில் துரு இருக்கிறதா என்பதை எச்.கியூ. வாங்கும் முன்பே பாருங்கள். அங்கே ஓட்டை விழுந்திருந்தால் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும், தகடு வெட்டி வெல்டிங் செய்யும் செலவில் இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றையும் வாங்கிவிடலாம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண். அரையைக் குறைத்தது அந்த மாட்யூலுக்காக. ஆனால் உங்கள் வண்டியும் முன்னால் டிரம்மோடு இருந்து, கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், பாயிண்டை இன்னும் ஒரு வருடம் தேய்த்துக்கொண்டு முதலில் டிஸ்க்கை மாட்டுங்கள்.