டெல்லி ஏர்போர்ட்டில் ராத்திரி இறங்குகிறவர்களுக்கு: "உங்க ரூம் கேன்சல்" என்று டிரைவர் சொன்னால் நம்பாதீர்கள்

டெல்லிக்கு விமானத்தில் போகிறவர்கள், அதிலும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரவில் போய் இறங்குகிறவர்கள், தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். எங்களுக்குப் போனது 5,150 ரூபாய். அதைக்கூட விட்டுவிடலாம். அறுபத்தெட்டு வயது அம்மாவை ஜனவரிக் குளிரில், விடியற்காலை மூன்று மணிக்கு, முன்பின் தெரியாத தெருவில் நிற்க வைத்தோமே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2023 ஜனவரி. அந்த வருஷம் தை அமாவாசை 21ஆம் தேதி சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு ஹரித்துவாரில் கங்கையில் முழுக வேண்டும் என்பது அம்மாவின் பல வருஷத்து ஆசை. துணைக்கு மாமாவும் வந்தார். 19ஆம் தேதி மாலை சென்னையில் ஏறி இரவு ஒன்பதுக்கு டெல்லி மூன்றாவது டெர்மினலில் இறங்குவது, அங்கிருந்து மெட்ரோவில் புதுடெல்லி ஸ்டேஷன், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஆரகஷன் ரோட்டில் ஒரு லாட்ஜில் தூக்கம், காலை 6.45க்கு ஹரித்துவார் வழியாகப் போகும் டேராடூன் சதாப்தி ரயில். இதுதான் எங்கள் ஏற்பாடு. ஏர்போர்ட் மெட்ரோவில் இருபது நிமிஷத்தில் புதுடெல்லி வந்துவிடும், அப்போது கட்டணம் 60 ரூபாய்தான். எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன்.

விசாரிக்காமல் விட்டது பனிமூட்டத்தை. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய டெல்லியில் மூடுபனி இறங்கினால் விமானங்கள் வரிசையாகத் தாமதமாகும். நாங்கள் தரையிறங்கியபோது மணி 12.50. பெல்ட்டில் பெட்டி வந்து சேர ஒன்றரை. கடைசி மெட்ரோ இரவு பதினொன்றரை வாக்கில் போய்விடும். ஆக, எங்கள் ஏற்பாட்டின் முதல் கண்ணியே அறுந்துவிட்டது.

வெளியே வரும் வாசலிலேயே ஒருவர் எதிரே வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கட்டண அட்டவணை. "பிரீபெய்டு சார், பிரீபெய்டு" என்று மாமாவின் ட்ராலியில் கை வைத்தார். டெல்லி டிராஃபிக் போலீஸ் நடத்தும் பிரீபெய்டு டாக்ஸி கவுன்ட்டர் ஒன்று இருக்கிறது, அதில்தான் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். இவரும் பிரீபெய்டு என்றுதானே சொல்கிறார், இதுதான் அது என்று நினைத்துவிட்டேன். உண்மையான கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் யாரும் எழுந்து வந்து உங்கள் ட்ராலியைப் பிடிக்க மாட்டார். இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. 1,150 ரூபாய் வாங்கிக்கொண்டு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தார். அதில் தொகை இருந்தது, "பஹார்கஞ்ச்" என்று எங்கள் லாட்ஜ் இருக்கும் பகுதியின் பெயர் எழுதியிருந்தது. வண்டி எண் எழுத வேண்டிய இடம் காலி.

வண்டி கிளம்பியதும் டிரைவர் கேட்ட முதல் விஷயமே அந்தச் சீட்டைத்தான். "கேட்ல காட்டணும் மேடம்" என்றார். கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அதைப் பார்க்கவே இல்லை. எந்த ஊரு, முதல் தடவையா, எந்த லாட்ஜ், பணம் கட்டியாச்சா என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு வந்தார். அம்மாவை "மாதாஜி, மாதாஜி" என்று கூப்பிட்டு ஹீட்டரைக் கூட்டி வைத்தார். நல்ல பையனாக இருக்கிறானே என்று மாமா என்னிடம் சொன்னார்.

தவுலா குவான் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் வண்டி நின்றது. எதிரே சாலையில் மஞ்சள் நிறத் தடுப்புகள், மேலே "டெல்லி போலீஸ்" என்ற எழுத்து. "பாருங்க மேடம், குடியரசு தின ஒத்திகை. பஹார்கஞ்ச் பக்கம் முழுக்க மூடிட்டாங்க." எங்கள் கண்ணெதிரே தடுப்பு நிற்கிறது, நம்பாமல் என்ன செய்வது? டெல்லியில் இரவு நேரத்தில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கவும் சோதனை போடவும் போலீஸ் சாலையைக் குறுக்கி இந்த மாதிரித் தடுப்பு வைப்பது வழக்கம் என்று பின்னால்தான் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு கார்கள் அந்தத் தடுப்புகளுக்கு நடுவே புகுந்து போயின. அதைப் பார்த்த ஞாபகம்கூட இருக்கிறது. ஜனவரியில் ஒத்திகைக்காகச் சாலைகளை மூடுவதும் உண்மைதான். ஆனால் அது ஒத்திகை நடக்கும் நேரத்துக்கு, கர்தவ்ய பாதையைச் சுற்றியும் அணிவகுப்பு போகும் வழியிலும். ராத்திரி இரண்டு மணிக்குப் பஹார்கஞ்சை ஏன் மூடப்போகிறார்கள்?

இந்த ஏமாற்றே இப்படித்தான் நடக்கிறது. முழுப்பொய் சொல்ல மாட்டார்கள். பாதி உண்மையை எடுத்து அதன்மேல் பொய்யை ஏற்றுவார்கள்.

"லாட்ஜுக்கு போன் பண்ணிக் கேட்டுக்கலாமே" என்று டிரைவரே சொன்னார். நான் அச்சடித்து வைத்திருந்த புக்கிங் தாளை வாங்கி, அதைப் பார்த்துக்கொண்டே தன் போனில் எண்ணை அழுத்தி, என்னிடம் நீட்டினார். எதிர்முனையில் பதவிசாக ஆங்கிலம் பேசினார் ஒருவர். போலீஸ் உத்தரவு, புதிதாக விருந்தினர் யாரையும் சேர்க்கக்கூடாது, உங்கள் அறை ரத்து, பணம் மூன்று நாளில் திரும்ப வந்துவிடும், மன்னிக்கணும். நான் கேட்டுக்கொண்டு சரி என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். என் பெயர் என்ன, புக்கிங் எண் என்ன என்று அவரிடம் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவர் லாட்ஜ்காரரே இல்லை. டிரைவர் அழுத்தியது அவருடைய கூட்டாளியின் எண்.

அடுத்து எங்களைக் கொண்டுபோய் விட்டது கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு சந்தில். மாடிப்படி ஏறும் இடத்தில் மூவர்ணப் பட்டை போட்ட பலகை, "சுற்றுலாத் தகவல் மையம்" என்று ஆங்கிலத்தில். உள்ளே இந்திய வரைபடம், தாஜ்மகால் படம், மேசைக்குப் பின்னால் கோட்டு போட்ட ஒருவர். காகிதக் கப்பில் டீ வந்தது. அரசு அலுவலகம் என்று டிரைவர் சொன்னார். மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் ஜன்பத்தில் 88ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது, அது பகல் வேளை அலுவலகம். நடு ராத்திரி இரண்டரை மணிக்கு டீ கொடுத்து ரூம் போட்டுத் தருகிற அரசு அலுவலகம் எங்கேயும் கிடையாது. அசதியில் இருக்கும்போது இந்த அளவு யோசனைகூட ஓடுவதில்லை.

கோட்டுக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே, எல்லா இடமும் நிரம்பிவிட்டது, கரோல்பாக்கில் ஒரே ஒரு அறை இருக்கிறது, 7,500 ரூபாய் என்றார். அம்மா நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரி, எப்படியாவது படுத்தால் போதும் என்று மாமா 4,000 ரூபாய் ரொக்கமாக முன்பணம் கொடுத்தார். பணம் கைமாறியதும் அடுத்த பேச்சு வந்தது. "காலையில சதாப்தியா? பனிமூட்டம் சார், கேன்சல் ஆயிடுச்சு. ஹரித்துவாருக்கு கார் ஏற்பாடு பண்ணித் தர்றேன், 18,000."

இங்கேதான் அம்மா காப்பாற்றினார். சின்ன வயதில் இந்தி பிரச்சார சபாவில் மத்யமா பரீட்சை வரை எழுதியவர். அரைத்தூக்கத்தில் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம், அவர்களும் நினைத்தார்கள். என் கையைப் பிடித்து இழுத்துத் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "இவங்க மதராஸிங்க, புதுசா வந்திருக்காங்க, காரும் எடுத்துப்பாங்கன்னு அந்த டிரைவர் வெளில போன்ல சொல்லிண்டிருக்கான்டி. நீ முதல்ல ரயிலைப் பாரு."

என் போனை எடுத்து 139க்கு அடித்தேன். ரயில்வே விசாரணை எண். சதாப்தி ரத்தாகவில்லை, உரிய நேரத்தில் கிளம்புகிறது. உடனே புக்கிங் மின்னஞ்சலில் இருந்த லாட்ஜ் எண்ணுக்கு என் போனிலிருந்தே கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். "அறை தயாரா இருக்கு மேடம், உங்களுக்காகத்தான் பையன் கீழே உட்கார்ந்திருக்கான். யாரும் எங்களுக்குப் போன் பண்ணலையே?"

மாமா பணத்தைத் திருப்பிக் கேட்டார். கோட்டுக்காரரின் முகம் மாறிவிட்டது. கரோல்பாக் ஓட்டலுக்குப் பணம் அனுப்பியாச்சு, திரும்பாது என்றார். குரலை உயர்த்தியதும் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் மாமாவைத் தடுத்து, பெட்டியை இழுத்துக்கொண்டு அம்மாவுடன் கீழே இறங்கினேன். 4,000 போகட்டும் என்று வந்தது சரியா என்று பலர் கேட்டார்கள். அந்த நேரத்தில், அந்த மாடியில், அம்மாவை வைத்துக்கொண்டு, நான் செய்தது சரிதான் என்றே இன்றும் சொல்வேன்.

வெளியே வந்தால் டாக்ஸி இல்லை. மூச்சு விட்டால் புகை. அம்மாவுக்கு என் சால்வையையும் சேர்த்துப் போர்த்திவிட்டு கன்னாட் பிளேஸ் வட்டச் சாலை வரை நடந்தோம். அங்கே போலீஸ் ரோந்து வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதில் இருந்த காவலர் பொறுமையாகக் கேட்டார். முதல் கேள்வி, வண்டி எண். தெரியாது. சீட்டு? டிரைவரிடம். எச்.ஆர். என்று ஆரம்பித்தது மட்டும் மாமாவுக்கு ஞாபகம், அதாவது ஹரியானா பதிவு. அதை வைத்து என்ன செய்ய முடியும்? அவரே ஒரு ஆட்டோவை நிறுத்தி, ஓட்டுநரின் எண்ணைக் குறித்துக்கொண்டு எங்களை ஏற்றிவிட்டார். ஆரகஷன் ரோட்டுக்குப் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை, 100 ரூபாய். வழியில் எந்த ரோடும் மூடியிருக்கவில்லை.

லாட்ஜில் அந்த 1,150 ரூபாயைச் சொன்னேன். போலீஸ் கவுன்ட்டரில் எடுத்திருந்தால் இரவுக் கட்டணம் சேர்த்தும் பாதிதான் ஆகியிருக்கும் என்றார் வரவேற்பில் இருந்தவர். அறை ரத்து என்று சொல்லி வேறு இடத்துக்குக் கொண்டுபோகிற கதை அவருக்குப் புதிதே இல்லை. பணம் கட்டிவிட்டு வராமல் போகிறவர்களைப் பற்றி முதலில் அவருக்கு ஆச்சரியமாக இருந்ததாம், அப்புறம் பழகிவிட்டதாம்.

இப்போது யோசித்தால் எனக்கு அதிகமாக உறுத்துவது இன்னொன்று. அந்த ராத்திரி லாட்ஜே தேவைப்பட்டிருக்காது. முதல் மெட்ரோ காலை ஐந்துக்கு முன்பே கிளம்பிவிடும். வருகைக் கூடத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்து, அதில் ஏறியிருந்தால் ஐந்தேகாலுக்கு ஸ்டேஷனில் இருந்திருப்போம். ஒன்றே ஒன்று, கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் பாதுகாப்புக் காவலர்கள் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதனால் கதவைத் தாண்டும் முன்பே முடிவெடுத்துவிடுங்கள். மெட்ரோ இறக்கிவிடுவது அஜ்மேரி கேட் பக்கம். பஹார்கஞ்ச் இருப்பது ஸ்டேஷனுக்கு மறுபக்கம். முதல் டெர்மினலில் இறங்குகிறவர்களுக்கு இந்த ரயில் கிடையாது, அங்கே மெட்ரோவின் மெஜன்டா லைன் ஸ்டேஷன் இருக்கிறது. மெட்ரோ கட்டணம் பிறகு சில ரூபாய் கூடியது. அப்போதும் ஒரு ஆளுக்கு நூறு ரூபாய் ஆகாது.

காத்திருக்க முடியாது, டாக்ஸிதான் என்றால் போலீஸ் கவுன்ட்டருக்கு நீங்களே நடந்து போய் வரிசையில் நில்லுங்கள். சீட்டில் வண்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள், வண்டியின் பலகையோடு ஒத்துப் பாருங்கள், போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். டிரைவர் பார்க்கும்படியே எடுங்கள், அதில் தப்பில்லை. கேட்டில் காட்ட வேண்டும், டோலில் காட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும் சரி, சீட்டை லாட்ஜ் வாசலில் பெட்டி இறங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும். ஆப்பில் புக் செய்தால் எதிரே உள்ள பல அடுக்குக் கார் நிறுத்தத்துக்குப் போக வேண்டியிருக்கும். வாசலில் வந்து ஆப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் உங்கள் டிரைவர் இல்லை. ஓடிபி கேட்காமல் வண்டி எடுத்தால் இறங்கிவிடுங்கள்.

அப்புறம், லாட்ஜைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ டிரைவர் எந்தச் செய்தி சொன்னாலும் உங்கள் போனிலிருந்து, நீங்கள் வைத்திருக்கும் எண்ணுக்கு, நீங்களே அடித்துக் கேளுங்கள். அவர் நீட்டும் போனைக் கையில்கூட வாங்காதீர்கள். சிக்கல் என்றால் 112. சுற்றுலாப் பயணிகளுக்கென்று 1363 என்ற எண்ணும் உண்டு, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆனால் அதில் இந்தி, ஆங்கிலம், அரபு, ஜப்பானிய மொழி, ரஷ்ய மொழி எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. இது எனக்கு வருத்தம்தான்.

வீட்டுப் பெரியவர்களைக் காசிக்கும் ஹரித்துவாருக்கும் தனியாக அனுப்புகிறவர்கள், லாட்ஜ் எண்ணையும் 139ஐயும் 112ஐயும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் கைப்பையில் வைத்து அனுப்புங்கள். போனில் சார்ஜ் இல்லாமல் போனாலும் தாள் இருக்கும்.