பதினோரு வருஷத்தில் எங்கள் தோட்டத்தில் தங்கிய டாஃபோடில்கள்

தெற்கு லண்டனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம். மழையில் ஒட்டும், வெயிலில் வெடிக்கும் களிமண். வசந்தத்தில் மஞ்சளிலும் வெள்ளையிலும் பூக்கும் கிழங்குச் செடி டாஃபோடில். 2014 செப்டம்பரில் அந்தத் தோட்டத்தில் அதன் முதல் கிழங்கைப் புதைத்தேன். அப்புறம் எட்டு ரகம் வாங்கிப் பார்த்தாயிற்று. அவற்றில் தைரியமாகச் சிபாரிசு செய்வது நான்கைத்தான்.

கடையில் வாங்கிய கிழங்கு முதல் வருஷம் பூத்தால் அதில் நமக்குப் பெருமை எதுவும் இல்லை. விற்பவரின் வயலில் இருக்கும்போதே மொட்டு கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. நாம் மண்ணும் தண்ணீரும் கொடுத்தால் அது வெளியே வரும், அவ்வளவுதான். நம் மண் அந்த ரகத்துக்குப் பிடித்திருக்கிறதா என்பது மூன்றாவது வருஷம்தான் தெரியும். 2015 மார்ச்சில் எல்லாமே பூத்துக் குலுங்கியதைப் பார்த்து நான் ஏமாந்ததும் இதனால்தான்.

முதல் இடம் டெட்-அ-டெட்டுக்கு. ஒரு சாண் உயரம்தான், ஒரே தண்டில் இரண்டு மூன்று பூ. கார்ன்வாலில் அலெக் கிரே உருவாக்கிய குட்டை ரகம். மார்ச் மாதக் காற்று இதை ஒன்றும் செய்வதில்லை. இருபது கிழங்கு நட்டேன். இரண்டு முறை தோண்டிப் பிரித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்த பிறகும் இடம் போதவில்லை. இலையும் குட்டை என்பதால் பூத்து முடிந்தபின் காய்ந்து கிடப்பது கண்ணை உறுத்தாது.

ஃபெப்ரவரி கோல்டும் அதே மாதிரி உழைப்பாளி. பெயரை நம்பி பிப்ரவரியிலேயே ஜன்னலோரம் நிற்காதீர்கள், பெரும்பாலும் மார்ச்தான். ஐஸ் ஃபாலீஸ் கொஞ்சம் உயரமானது. வெள்ளை இதழ், நடுவில் எலுமிச்சை மஞ்சளில் அகலமான கிண்ணம். சில நாளில் அந்த மஞ்சள் வெளுத்துவிடும். முதல் தடவை ஏதோ நோய் என்று பயந்தேன். நான்காவது தாலியா. தலை குனிந்த வெள்ளைப் பூ, மெல்லிய வாசனை. மெதுவாகத்தான் பெருகும், ஆனால் ஒரு வருஷம்கூடப் பூக்காமல் இருந்ததில்லை.

ஏமாற்றியவை? கிங் ஆல்ஃபிரட் என்ற பெயரில் வாங்கிய பெரிய மஞ்சள் பூக்கள். அசல் கிங் ஆல்ஃபிரட் 1899-இல் வந்த ரகம். இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் வேறு ஏதாவதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எதுவாக இருந்தால் என்ன, ஒரு ராத்திரி மழைக்கே எல்லாம் தரையில் படுத்துவிட்டன. அடுக்குப் பூ ரகமான சியர்ஃபுல்னெஸ் வேறு விதம். வசந்தம் வறண்டுபோனால் மொட்டு விரியாமலே காகிதம் போலக் காய்ந்துவிடும். மூன்று வருஷம் பொறுத்துவிட்டுப் பிடுங்கினேன். கோல்டன் ஹார்வெஸ்ட் 2022 கோடையோடு போயிற்று. தோண்டினால் கிழங்கின் அடித்தட்டு பழுப்பாகி, அமுக்கினால் கூழ். மண் சூடானால் பரவும் அடியழுகல் பூஞ்சை அது. அந்த ரகத்துக்கு அதை எதிர்க்கும் சக்தி குறைவு. அதிலிருந்து, கடையில் கிழங்கை அடியில் அழுத்திப் பார்க்காமல் எடுப்பதில்லை.

ரகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, என் தவறும் உண்டு. இரண்டாம் வருஷம், பூ முடிந்ததும் இலைகள் அலங்கோலமாகக் கிடக்கின்றன என்று அழகாகச் சடை பின்னி வைத்தேன். அடுத்த வசந்தத்தில் கொத்துக் கொத்தாக இலை, பூ பெயருக்கு நான்கு. அடுத்த வருஷத்துப் பூவுக்கான சாப்பாட்டைக் கிழங்குக்கு அனுப்புவதே அந்த இலைகள்தான். குறைந்தது ஆறு வாரம் அவற்றைத் தொடக் கூடாது. மேலாகப் புதைத்தாலும் இதே கதைதான். இப்போது பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் தோண்டுகிறேன். களிமண்ணில் இடுப்பு ஒடியும், வேறு வழியில்லை.

இவ்வளவு பாடுபட வைப்பதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது: அணில்கள். இங்குள்ள சாம்பல் அணில்கள் என் ட்யூலிப் கிழங்குகளை ஒன்று விடாமல் தோண்டித் தின்றன. பக்கத்திலேயே இருந்த டாஃபோடிலை மோந்துகூடப் பார்க்கவில்லை. லைகோரின் என்ற நச்சு செடி முழுக்க இருக்கிறது, கிழங்கில் அதிகம். மனிதர்களுக்கும் ஆகாது, தின்றால் வாந்திதான். காய்கறிப் பக்கத்தில் டாஃபோடிலை வைக்காதீர்கள் என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல் சூப்பர்மார்க்கெட்டுகளுக்கே எழுதியது.

எங்கள் வீட்டுக்கும் யாராவது எழுதியிருக்கலாம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்த சமயம், வலைப்பையில் கிழங்குகளைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பலகையில் ஒன்று பாதி நறுக்கிக் கிடக்கிறது. "என்னடா உங்க ஊர் வெங்காயம், கண்ணே எரிய மாட்டேங்குது?" என்று கேட்டார். அன்றிலிருந்து கிழங்குகள் நேராகத் தோட்டத்துக் கொட்டகைக்குத்தான் போகின்றன.