பக்கத்துக் கவுன்டியில் அனுமதி வாங்கிய சார்ட்டர் பள்ளி: மூன்று வருட அனுபவம்

என் மகள் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரு சார்ட்டர் பள்ளியைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம். தெற்கு கலிபோர்னியாவில் வீட்டிலிருந்தே படிக்கும் வகை சார்ட்டரில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிற எவருக்கும் இது பயன்படும். டீச்சருக்கு ஐந்துக்கு ஐந்து, நிர்வாகத்துக்கு இரண்டு, அந்தப் பள்ளிக்கு அனுமதி கொடுத்த பள்ளி டிஸ்ட்ரிக்டுக்கு (ஒரு ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஒன்றுகூட கொடுக்க மனசு வரவில்லை.

2018 ஆகஸ்டில் சேர்த்தோம். சாதாரணப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் வாயே திறக்காத குழந்தை, வீட்டில் வாசித்துக்கொண்டே இருப்பாள். சார்ட்டர் என்றால் தனி அமைப்பு ஒன்று அனுமதி வாங்கி நடத்துவது, ஆனாலும் அரசுப் பணத்தில் நடக்கிற பொதுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. இந்த வகையில் பாடம் வீட்டில் நடக்கும், இருபது பள்ளி நாட்களுக்கு ஒருமுறை டீச்சர் வந்து பார்ப்பார், அந்த இருபது நாளை லேர்னிங் பீரியட் என்பார்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஒர்க் சாம்பிள் (பிள்ளை செய்த வேலையின் மாதிரி) எடுத்துப் போவார். அதுபோக வாரத்தில் இரண்டு நாள் ரிசோர்ஸ் சென்டரில் வகுப்பு. நாங்கள் சேர்த்ததே அந்த சென்டருக்காகத்தான்.

ஒரு சின்ன கடைத்தெரு வளாகத்தில் பல் டாக்டர் கிளினிக்குக்குப் பக்கத்துக் கடைதான் அந்த சென்டர். உள்ளே நான்கு பெரிய மேசை, ஒரு புத்தக அலமாரி, கழுவ ஒரு தொட்டி, அவ்வளவுதான். ஆனால் அங்கே நடந்த ஒரு வகுப்பை நான் மறக்கவே மாட்டேன். ஆந்தை இரையை முழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும், அந்த உருண்டையை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். என் மகள் கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் மயிரை விலக்கி விலக்கி, எலியின் தாடை, விலா, முதுகெலும்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து, கறுப்புத் தாளில் பசை தொட்டு ஒட்டி, இரண்டு மணி நேரம் தலை நிமிரவில்லை. முடித்ததும் எதிரில் உட்கார்ந்திருந்த பையனிடம் தானாகவே, "உன்னோட எலிக்கு ஒரு கால் குறையுது, என்கிட்ட ஒண்ணு கூடுதலா இருக்கு" என்றாள். அது வரைக்கும் வெளியாள் யாரிடமும் அவள் முதலில் பேசி நான் பார்த்ததில்லை. டீச்சருக்கு ஐந்து நட்சத்திரம் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, குறைக்கு வருகிறேன். சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், பள்ளிக்கு அனுமதி கொடுத்தது இன்ன டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு ஊர்ப் பெயர் இருந்தது. நான் கேள்விப்பட்டதே இல்லை. தேடிப் பார்த்தால் எங்கள் கவுன்டியே (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இல்லை, பக்கத்துக் கவுன்டியில் மலைக்கு அந்தப் பக்கம், காரில் ஒன்றரை மணி நேரம். சேர்க்கைப் பிரிவில் கேட்டேன். "அது வெறும் காகித விஷயம், உங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பியதுதான் நான் செய்த தவறு.

அது எப்படிக் காகித விஷயம் இல்லை என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் முதன்முதலில் சார்ட்டர் சட்டம் போட்டது மின்னசோட்டா, 1991இல். அடுத்த வருடமே கலிபோர்னியா போட்டது. இங்கே ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்க பெரும்பாலும் ஒரு பள்ளி டிஸ்ட்ரிக்ட்தான் அனுமதி தர வேண்டும், அனுமதி கொடுத்தவரேதான் அதை மேற்பார்வையும் பார்க்க வேண்டும். கணக்கு சரியா, பிள்ளைகள் உண்மையிலேயே படிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக அந்த டிஸ்ட்ரிக்ட், சார்ட்டர் பள்ளியின் வருமானத்தில் 1 சதவீதம் வரை வாங்கலாம், வாடகை இல்லாமல் இடமும் கொடுத்தால் 3 சதவீதம் வரை. வருடத்துக்கு 2 கோடி டாலர் வாங்கும் ஒரு பள்ளி என்றால் 1 சதவீதமே 2 லட்சம் டாலர். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து தள்ளாடுகிற ஒரு சின்ன டிஸ்ட்ரிக்டுக்கு அது பெரிய காசு. அந்தப் பள்ளி வேறு ஊரில் நடந்தால் இவர்களுடைய பிள்ளைகள் யாரும் அதற்குப் போக மாட்டார்கள், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரும் பணமும் குறையாது, இவர்களுக்கு நஷ்டமே இல்லை. நஷ்டம் முழுக்க அந்த வேறு ஊர் டிஸ்ட்ரிக்டுக்கு, அவர்களிடம் யாரும் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

இதைத் தடுக்கத்தான் 2002இலேயே, பள்ளி, தனக்கு அனுமதி கொடுத்த டிஸ்ட்ரிக்டின் எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் விதிவிலக்கு வைத்தார்கள். எல்லைக்குள் தேடியும் கட்டடம் கிடைக்கவில்லை என்றால் அதே கவுன்டிக்குள் வெளியே ஒரு இடம் வைக்கலாம். வீட்டிலிருந்து படிக்கும் வகைக்குப் பக்கத்துக் கவுன்டியில் ரிசோர்ஸ் சென்டர் வைக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் வடக்கு ஓரத்தில் இருக்கிற ஆக்டன் ஆகுவா டுல்சே டிஸ்ட்ரிக்ட் இப்படித் தன் எல்லைக்கு வெளியே பல சார்ட்டர்களுக்கு அனுமதி கொடுத்ததும், அக்கம்பக்கத்து டிஸ்ட்ரிக்டுகள் வழக்கு போட்டதும் இங்கே பழைய கதை. 2016 அக்டோபரில் ஷாஸ்டா கவுன்டி வழக்கு ஒன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ரிசோர்ஸ் சென்டருக்கும் எல்லை விதி உண்டு, கவுன்டிக்குள் எங்கே வேண்டுமானாலும் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடம் மாநிலத் தணிக்கையாளரும் சில டிஸ்ட்ரிக்டுகள் எல்லைக்கு வெளியே முறையில்லாமல் அனுமதி கொடுத்தன, சரியாகக் கண்காணிக்கவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். ஆனால் பக்கத்துக் கவுன்டி சென்டர் என்கிற விதி அப்படியே இருந்தது. எங்கள் சென்டர் அந்த விதியில் நின்றுகொண்டிருந்ததுதான்.

2019இல் எல்லாம் மாறியது. அந்த வருடம் மே மாதம் சான் டியாகோ கவுன்டி அரசு வழக்கறிஞர், ஏ3 என்ற நிறுவனத்தின் ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகள் தொடர்பாகப் பதினோரு பேர் மேல் வழக்கு போட்டார். விளையாட்டுக் குழுக்களில் இருந்த பிள்ளைகளின் பெயரை எல்லாம் பள்ளிப் பதிவில் சேர்த்து, பாடமே நடத்தாமல் மாநிலப் பணத்தை வாங்கியதாகக் குற்றச்சாட்டு. தலைமையில் இருந்த இருவரும் 2021இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 20 கோடி டாலருக்கும் மேல் திரும்ப மீட்கப்பட்டது. அவர்களுக்கு அனுமதி கொடுத்தவர்களில் ஒன்று டெஹெசா என்ற டிஸ்ட்ரிக்ட், சொந்தமாக அதற்கு இருப்பதே ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பதிவை அத்தனை சின்ன அலுவலகம் எப்படிச் சரிபார்க்கும்? அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பள்ளி அப்படிப்பட்டது இல்லை, எங்கள் டீச்சர் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பவர். ஆனால் டீச்சர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம், அவர் அப்படி இல்லாமல் போயிருந்தால் கண்டுபிடிக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அக்டோபரில் ஆளுநர் நியூசம் இரண்டு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஏபி 1505, ஏபி 1507. முதலாவது, வீட்டிலிருந்து படிக்கும் வகையில் புதுச் சார்ட்டர்களுக்கு 2020 ஜனவரியிலிருந்து இரண்டு வருடம் தடை போட்டது, பிறகு அதை நீட்டித்தார்கள். அதோடு, புது விண்ணப்பம் வந்தால் அது தன் பள்ளிகளின் நிதியை எப்படிப் பாதிக்கும் என்று பார்க்கிற உரிமையும் டிஸ்ட்ரிக்டுக்குக் கிடைத்தது. இரண்டாவதுதான் எங்கள் வீட்டைத் தொட்டது. எல்லைக்கு வெளியே இடம் வைக்கிற விதிவிலக்கை எடுத்துவிட்டது. ஏற்கெனவே சட்டப்படி வெளியே நடக்கும் ரிசோர்ஸ் சென்டர் தொடர வேண்டும் என்றால், பள்ளி ரினீவலுக்கு, அதாவது அனுமதியைப் புதுப்பிக்க, போகும் முன் சென்டர் இருக்கிற ஊர் டிஸ்ட்ரிக்டிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும்.

இதைப் பள்ளி எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஒன்றரை வருடம் இருந்தது. 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக சென்டரை மூடினார்கள், அது நியாயம். திறக்கும் தேதி கேட்டபோதெல்லாம் "சீக்கிரம்" என்றார்கள். 2021 ஏப்ரலில் ஒரு மின்னஞ்சல், ஆறு வரி: உள்ளூர் டிஸ்ட்ரிக்ட் சம்மதம் கிடைக்காததால் சென்டர் இனி திறக்காது, வீட்டுப் படிப்பு தொடரும், பிள்ளைகளின் பொருட்களை இன்ன தேதிக்குள் எடுத்துக்கொள்ளவும். நான் போனபோது மேசைகள் ஏற்கெனவே போய்விட்டன. அந்தக் கறுப்புத் தாள் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தது, இரண்டு விலா எலும்பு உதிர்ந்து அடியில் கிடந்தன. மகள் வழியெல்லாம் பேசவில்லை.

கோபத்தில் நேராக மேற்பார்வை டிஸ்ட்ரிக்டுக்குப் போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். சென்டர் மூடுவது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. எங்கள் மகளைப் போன்ற எத்தனை பிள்ளைகள் எங்கள் ஊரில் என்று கேட்டால் "பள்ளியைத்தான் கேட்க வேண்டும்" என்றார். போர்டு மீட்டிங்கில் வந்து பேசுங்கள் என்றார், வியாழன் மாலை ஐந்தரை மணி, மலை தாண்டி ஒன்றரை மணி நேரம். உள்ளூர் டிஸ்ட்ரிக்டில் கேட்டால் அது எங்கள் பள்ளி இல்லையே என்கிறார்கள், அதுவும் உண்மைதான். அந்த ஒரு வாரத்தில்தான் எல்லை விதி எதற்கு என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. எங்களைப் பாதிக்கிற முடிவை எடுக்கிற யாரையும் நாங்கள் போய்ப் பார்க்க முடியவில்லை, அவர்களுக்கும் நாங்கள் யாரோ.

அதனால், எங்கள் சென்டர் மூடியதற்குக் காரணமான அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நண்பர்கள் சிலருக்கு இதில் வருத்தம். பெற்றோரின் தேர்வைக் குறைக்கிறார்கள், உள்ளூர் டிஸ்ட்ரிக்ட் போட்டியைப் பிடிக்காமல் சம்மதம் மறுக்கும் என்கிறார்கள். மறுக்கும்தான், எங்களுக்கு மறுத்தார்கள். ஆனால் பள்ளி முதலிலேயே இங்கே வந்து கேட்டிருந்தால் வாதாட ஒரு வழி இருந்திருக்கும், நாங்கள் ஐம்பது குடும்பமும் போய் நின்றிருப்போம். சுலபமாக அனுமதி கிடைக்கிற இடத்தில் வாங்கிக்கொண்டு இங்கே கடை விரித்ததால், எங்களுக்காகப் பேச வேண்டிய நேரத்தில் பேச இடமே இல்லாமல் போனது.

இப்போது சேர்க்கப் போகிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அனுமதி கொடுத்தது யார், ரினீவல் எந்த வருடம், வகுப்பு நடக்கிற கட்டடம் அந்த டிஸ்ட்ரிக்ட் எல்லைக்குள்தானா என்று எழுத்தில் கேளுங்கள். "காகித விஷயம்" என்று பதில் வந்தால் அன்றே வெளியே வந்துவிடுங்கள்.

ஆறாம் வகுப்புக்கு மகளை எங்கள் ஊர் டிஸ்ட்ரிக்டே அனுமதி கொடுத்த ஒரு சார்ட்டரில் போட்டோம். பாடத்திட்டம் பழையதைவிடச் சுமார், டீச்சர் பழைய டீச்சர் அளவுக்கு வரமாட்டார். முதல் வருடமே அறிவியல் செய்முறை வகுப்பை வாரம் ஒன்றாகக் குறைக்கப் பார்த்தார்கள். ஆனால் டிஸ்ட்ரிக்ட் அலுவலகம் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம். ஓட்டு இல்லாத எங்களைப் போன்ற விசாக்காரர்களும் அங்கே நடக்கிற போர்டு மீட்டிங்கில் பேசலாம், சீட்டு எழுதிக் கொடுத்தால் மூன்று நிமிடம் தருவார்கள். நான் பேசி முடித்ததும் மகள், "அம்மா, நானும் பேசட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கறுப்புத் தாளை எடுத்துக்கொண்டு மைக்குக்குப் போனாள்.