ட்ரோன் சர்வேன்னு 38,000 ரூபாய் போச்சு. தோட்டம் வச்சிருக்கிறவங்க படிச்சுட்டுப் பணம் கட்டுங்க

பெங்களூருல இருந்துக்கிட்டு தொட்டபள்ளாபுரா, சிக்கபள்ளாபுரா பக்கம் திராட்சை போட்டிருக்கிற நம்ம ஆளுங்களுக்கு இது. பயிரை ட்ரோன் வச்சுக் கண்காணிக்கிற ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். பத்து ஏக்கர், சீசனுக்கு மூணு தடவை பறக்கவிட்டு, பயிர் எங்க நல்லா இருக்கு, எங்க வாடுதுன்னு காட்டுற மேப் தரணும். 38,000 ரூபாய், முழுசும் முன்பணம்.

நம்ப வச்சது அவங்க ஆபீஸ் மேஜைதான். அங்க இருந்தது அசல் மல்டிஸ்பெக்ட்ரல் ட்ரோன், அதாவது ஒவ்வொரு நிற ஒளியையும் தனித்தனியா படம் எடுக்கிறது. பச்சை, சிவப்பு, ரெட் எட்ஜ் (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவுல உள்ளது), கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புன்னு ஒவ்வொண்ணுக்கும் தனி லென்ஸ். முதுகுல வெயிலை அளக்கிற சென்சார். பக்கத்துல, படத்துல வெளிச்ச அளவைச் சரிபண்ண உதவுற சாம்பல் நிற கேலிபிரேஷன் பலகை. "கையில எடுத்துப் பாருங்க சார்"னு அங்க இருந்த ஆள் ட்ரோனை நீட்டினான். அங்கேயே யுபிஐல 38,000 போயாச்சு.

தோட்டத்துக்கு வந்ததோ கல்யாண வீடியோ எடுக்கிற ஒத்தை லென்ஸ் ட்ரோன்! பலகை வரவே இல்ல. மேகம் வந்து வந்து போற நேரத்துல பறக்கவிட்டாங்க. வெளிச்சத்தை அளக்காம எடுத்தா மேக நிழல் விழுந்த வரிசையெல்லாம் நோய் வந்த மாதிரி காட்டிடலாம்.

அப்புறம் ஒரு பிடிஎஃப். மேல "என்டிவிஐ"ன்னு கொட்டை எழுத்து, பயிர் எவ்வளவு ஆரோக்கியமா இருக்குன்னு காட்டுற எண் அது. அதுல தோட்டத்துலயே ஆரோக்கியமான பயிர் எதுன்னா, பம்ப் ஷெட் மேல கிடக்கிற பச்சைத் தார்ப்பாய்! என்டிவிஐங்கிறது அகச்சிவப்புல இருந்து சிவப்பைக் கழிச்சு, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுக்கிறது. நல்ல இலை சிவப்பை உறிஞ்சிக்கிட்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அதனால எண் ஏறும். சாதா கேமராவுல அகச்சிவப்பை மறைக்கிற ஃபில்டர் இருக்கு, அந்தக் கணக்கே போட முடியாது. வெறும் பச்சை நிறத்தை அளந்து வேற பேர் ஒட்டிட்டாங்க. இதை நம்பித்தான் எந்த வரிசைக்கு யூரியான்னு வேற எழுதியிருந்தாங்க.

கேட்டா? "டெக்னிகல் டீம் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடல. "அது ஏஐ சார், போகப் போகக் கத்துக்கும்." தார்ப்பாய்க்கு என்னய்யா கத்துக்கும்? "ரிப்போர்ட் குடுத்தாச்சே, ரீஃபண்ட் எதுக்கு?" கடைசியா கன்னடத்துல "நாளெ மாட்தீவி சார்" (நாளைக்குப் பண்றோம்). அதோட வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும்தான். மிச்ச ரெண்டு தடவை பறக்கவும் இல்ல, 38,000ல ஒரு ரூபாய் திரும்பவும் இல்ல.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், கோவத்துல வரல. இதை மட்டும் பாருங்க:

பிடிஎஃப் போதாது. பச்சை, சிவப்பு, அகச்சிவப்புன்னு ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனி டிஃப் (TIFF) படக் கோப்பு தரணும்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. ட்ரோனோட யுஐஎன் நம்பர் (அரசுப் பதிவு எண்), ஓட்டுறவரோட பைலட் சர்டிஃபிகேட், ரெண்டையும் கேளுங்க. 250 கிராமுக்கு மேல உள்ள ட்ரோனைக் காசு வாங்கி ஓட்டினா சர்டிஃபிகேட் கட்டாயம். பறக்கிறதுக்கு முன்னாடி பலகையைப் படம் எடுக்கலேன்னா அப்பவே நிறுத்திடுங்க. பணம் ஒவ்வொரு தடவை மேப் வந்தப்புறம்தான். ஏமாந்துட்டா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். வாட்ஸ்அப்ல பேசினதை அழிச்சிடாதீங்க, அங்க கேப்பாங்க.