ஜி.ஐ. பைப் என்று சொல்லிச் சில்வர் பெயிண்ட் அடித்த கயாக் ஸ்டாண்டு: கடலோர டெல்டாக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) வைத்திருப்பவர்கள் பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டுக் கொல்லையில் சுவரில் சாயாமல் தனியாக நிற்கும் மூன்றடுக்கு ஸ்டாண்டு ஒன்றை நானும் என் தம்பியும் பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறையில் செய்யக் கொடுத்தோம். ஜி.ஐ. பைப்புக்கான, அதாவது துருவைத் தடுக்கத் துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்புக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, பூச்சில்லாத கறுப்பு இரும்புப் பைப்பின் மேல் அலுமினியம் பெயிண்ட் அடித்துத் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைக்கூட அது தாங்கவில்லை. மேல் அடுக்கில் படகைத் தாங்கும் கை ஒடிந்து, கயாக் கீழே விழுந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் இடம் அது. விழுந்தது இரவு நேரம் என்பதால் யாருக்கும் அடிபடவில்லை. இப்போதும் அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

என்ன வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்திருந்தோம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், நடுத்தர வகை, கைகளுக்கு இடையே ஆறடி, கைகளின் மேல் ரப்பர் உறை, அடியில் அகலமான கால். பட்டறைக்காரர் படித்துவிட்டுத் தலையாட்டினார். “கடலோர வேலை நமக்குப் புதிதா தம்பி? பத்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்றார். இறக்கிவைத்த அன்று சட்டைப்பையிலிருந்து காந்தம் ஒன்றை எடுத்து ஒட்டிக் காட்டி, “பாருங்கள், அசல் ஜி.ஐ.” என்றும் சொன்னார். காந்தம் கறுப்பு இரும்பிலும் ஒட்டும், துத்தநாகம் பூசிய இரும்பிலும் ஒட்டும். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பட்டறையில் யாராவது காந்தத்தைக் கையில் எடுத்தால் உஷாராகிவிடுங்கள்.

ஒடிந்த கையை எடுத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டி, வட்டமாக வெட்டினாற்போல் பிரிந்திருந்தது. பைப்பின் வாயைக் கவிழ்த்தால் துருத்தூளும் பழுப்புத் தண்ணீருமாகக் கொட்டியது. முனைகளை மூடி போட்டு அடைக்கவே இல்லை. மழைத்தண்ணீர் உள்ளே தேங்கி, உப்புக்காற்றும் சேர்ந்து உள்பக்கத்திலிருந்தே தின்றிருக்கிறது. தின்னரில் நனைத்த துணியால் வெளியே தேய்த்தோம். வெள்ளி நிறம் துணிக்கு வந்துவிட்டது, அடியில் கறுப்பு இரும்பு. துத்தநாகப் பூச்சு தின்னருக்குக் கரையாது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜி.ஐ. பைப்புக்கு உள்பக்கமும் அதே பூச்சு இருக்கும். ஆகவே பைப்பை வெட்டும் முன்பே பட்டறைக்குப் போய், வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரப் பைப் என்றால் மேலே முத்திரையும் வண்ணப் பட்டையும் இருக்கும்: மெல்லிய வகைக்கு மஞ்சள், நடுத்தரத்துக்கு நீலம், கனமானதற்குச் சிவப்பு. வெட்டிப் பெயிண்ட் அடித்த பிறகு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு வசதியும் அதுதான்.

கனத்திலும் கை வைத்திருந்தார்கள். ஒன்றரை அங்குல நடுத்தரப் பைப்பின் சுவர் 3.2 மி.மீ. இருக்க வேண்டும். ஆறு மீட்டர் நீளப் பைப் ஒன்று சுமார் 21 கிலோ வரும். 1.6 மி.மீ. சுவர் என்றால் 11 கிலோதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பருமன். மொத்தத் தொகையாக விலை பேசும்போது இந்தப் பத்துக் கிலோ யார் கணக்கிலும் வராமல் போய்விடுகிறது. விலை எப்படிப் பேசினாலும் சரி, பைப்பை எடை போட்டு, அந்த எடையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். உண்மையான ஜி.ஐ. பைப்பாக இருந்தாலும், வெல்டிங் சூட்டில் அந்த இடத்துப் பூச்சு எரிந்துவிடும். அங்கே துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்தாக வேண்டும்.

கயாக்குக்கு நேர்ந்த சேதம் தனிக்கதை. ஆறடி கேட்ட இடத்தில் மூன்றரை அடிதான் இடைவெளி விட்டிருந்தார்கள். அடிச்சட்டத்தில் பைப் மிச்சம் பிடிக்கும் வேலை. பன்னிரண்டு அடிக் கயாக்குக்கு இரு முனையிலிருந்தும் கால்வாசி தள்ளித் தாங்கல் வர வேண்டும். நடுவில் மட்டும் தாங்கினால் இரு முனையும் தொங்கும். ரப்பர் உறைக்குப் பதிலாக எல் ஆங்கிள் (எல் வடிவ இரும்புப் பட்டை) விளிம்பையே மேல்நோக்கி வைத்திருந்தார்கள். பாலித்தீன் கயாக் சித்திரை வெயிலில் இளகும். இளகிய அடிப்பாகத்தில் இரும்பு விளிம்பு அழுத்தி, விரல் நுழையும் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, ஓரளவுக்கு நிமிர்த்தியிருக்கிறோம். முழுவதும் மீளவில்லை. அகலமான, மெத்தென்ற தாங்கலில் பக்கவாட்டில் சாய்த்தோ கவிழ்த்தோ வைப்பதுதான் பாலித்தீனுக்கு நல்லது. நிழலும் வேண்டும், ஆனால் தென்னைக்கு அடியில் வேண்டாம்.

கால்களையும் குறுக்கிவிட்டார்கள். எங்கள் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் சேறாகும். குறுகிய கால் ஒரு பக்கமாகப் புதைய, ஸ்டாண்டே சாய்ந்து நின்றது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது தோப்புத் தோப்பாகத் தென்னை விழுந்த பகுதி இது. இங்கே வெட்டவெளியில் நிற்கும் எதையும் கான்கிரீட்டில் போல்ட் போட்டுப் பிடிக்காமல் விடக் கூடாது. கனமான படகு எப்போதும் கீழ் அடுக்கில்தான் இருக்க வேண்டும்.

கேட்கப் போனபோது பட்டறைக்காரர், “உப்புக்காற்றுக்கு யார் தம்பி உத்தரவாதம் கொடுப்பது?” என்றார். பத்து வருடம் என்று சொன்ன அதே வாய். அவர் கொடுத்த சீட்டில் ‘ஸ்டாண்டு வேலை’ என்றும் தொகையும் மட்டுமே இருக்கின்றன. நல்லவேளை, நாங்கள் எழுதிக் கொடுத்த தாளைத் தம்பி படம் எடுத்து வைத்திருந்தான். ஒடிந்த கை, தின்னர் துணி, பள்ளம் விழுந்த அடிப்பாகம் எல்லாவற்றையும் படமெடுத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் கட்டணமும் இல்லை. வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அதுவரை, முனையில் தார் பூசிய சவுக்குக் கம்புகளை நட்டு, குறுக்கே அகல நைலான் நாடா கட்டி, அதில்தான் கயாக்குகளை வைத்திருக்கிறோம். இதேபோல் ஜி.ஐ. என்று சொல்லி ஏமாற்றப்பட்டவர்கள் பில்லையும் பைப்பின் உள்பக்கப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், புகாருடன் சேர்த்துக் கொடுக்க உதவும்.