மலையேறும் மொபிலிட்டி வண்டிக்கு வழி தேடுதல்: வரைபடமா, வானிலிருந்து எடுத்த படமா, நடந்து பார்ப்பதா?

நடக்க இயலாதவர் உட்கார்ந்தபடி ஓட்டிப்போகும் ஆஃப்-ரோடு மொபிலிட்டி வண்டிக்குப் பெரிய காற்று டயரும் பேட்டரியும் நல்ல இழுவையும் உண்டு. ஆனாலும் அது மலையில் சிக்கிக்கொள்கிறது. பாதை முழுக்க மோசம் என்பதால் அல்ல. ஐந்து கிலோமீட்டர் தங்குதடையின்றிப் போகும். பிறகு ஒரே ஒரு மீட்டரில் எல்லாம் முடிந்துவிடும். குறுக்கே வெட்டிய ஒரு வடிகால், ஆள் மட்டும் நுழையும் ஒரு சுழல் கதவு, மழை அரித்த ஒரு ஓரம். நடப்பவர் அதைத் தாண்டிய மறுநிமிடமே மறந்துவிடுவார். ஆகவே வழி தேட உதவும் எந்த மூலத்தையும் ஒரே கேள்வியால்தான் எடைபோட வேண்டும்: அந்த ஒரு மீட்டரை இது காட்டிக்கொடுக்குமா?

தேடத் தொடங்குமுன் வண்டியின் அளவுகள் கையில் இருக்கட்டும். மொத்த அகலம், இடவல சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம், அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, முழுதாகத் திரும்பத் தேவைப்படும் இடம், கையேட்டில் சொன்ன ஏற்றச் சரிவு, பக்கச் சரிவு. இங்கே பலர் இடறுவது டிகிரியிலும் சதவீதத்திலும். 10 டிகிரி என்பது 17.6 சதவீதம், 10 சதவீதம் என்பது வெறும் 5.7 டிகிரி. கையேடு டிகிரியில் பேசும், செயலி சதவீதத்தில் பேசும். இரண்டையும் குழப்பினால் போகக்கூடிய பாதையை விட்டுவிடுவீர்கள், அல்லது போகக்கூடாததில் ஏறிவிடுவீர்கள்.

சமவுயரக் கோட்டு வரைபடம்

பழைய காகித வரைபடத்தை இன்னும் எதுவும் வென்றுவிடவில்லை, சரிவு என்ற ஒரு விஷயத்தில் மட்டும். 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் உயர இடைவெளியில் வரையப்பட்டிருந்தால், பாதை அடுத்தடுத்த இரு கோடுகளை 4 மி.மீ. தூரத்தில் வெட்டினால் சரிவு 10 சதவீதம், 2 மி.மீ. என்றால் 20 சதவீதம். 1:25,000 வரைபடத்தில் 10 மீட்டர் கோடுகள் என்றாலும் கணக்கு அதேதான். அளக்க வேண்டியது பாதையின் வழியே உள்ள தூரம். மலைச்சரிவில் கோடுகளுக்கு இடையே உள்ள நேர்த்தூரம் அல்ல.

இதைவிடப் பயனுள்ள இன்னொரு வாசிப்பு உண்டு. பாதை கோடுகளுக்கு இணையாக ஓட, கோடுகளோ நெருக்கமாக இருந்தால், ஏற்றம் கிட்டத்தட்ட பூஜ்யம். பலர் அதைப் பார்த்து மகிழ்ந்துபோவார்கள். லாரி போக வெட்டிய சாலை என்றால் சரிதான். கால்நடையால் தேய்ந்த ஒற்றையடிப் பாதை என்றால் அது முழுக்கப் பக்கச் சரிவு. வண்டியைக் கவிழ்ப்பதில் ஏற்றத்தைவிடப் பக்கச் சரிவுதான் கெட்டிக்காரன்.

கணக்கு இப்படி: சக்கர இடைவெளி 70 செ.மீ., ஆளோடு சேர்த்து எடைமையம் 60 செ.மீ. உயரம் என்றால், அசையாமல் நிற்கும் வண்டி சுமார் 30 டிகிரியில் கவிழும். அது காகிதத்தில். மேல்பக்கச் சக்கரம் 10 செ.மீ. கல்லில் ஏற, கீழ்பக்கச் சக்கரம் 5 செ.மீ. குழியில் இறங்கினால் அந்த ஒரு கணத்தில் 12 டிகிரி கூடிவிடும். பாதையின் சரிவே 10 டிகிரி என்றால் 22 ஆகிவிட்டது. கீழ்பக்க டயர் நசுங்குவதும் உடல் அந்தப் பக்கம் சாய்வதும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேட்டையே கேளுங்கள்.

வரைபடத்துக்குத் தெரியாதது: இரு கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருப்பவை. 20 மீட்டர் இடைவெளி என்றால் 15 மீட்டர் இறங்கி ஏறும் ஓடைப் பள்ளம் தடயமே இல்லாமல் மறைந்துவிடலாம். நீலக் கோடு பாதையை வெட்டும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரிய இடம்.

செயலி வரைந்து தரும் உயர வரைகோடு

இதே வேலையைச் செயலி நொடியில் செய்கிறதே என்று தோன்றும். செய்கிறது, ஆனால் எதை வைத்து என்று பார்க்க வேண்டும். பல செயலிகளின் அடித்தளம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்களில் ராடாரால் எடுத்த உயரத் தரவு. அதன் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். மலைச்சரிவு 60 சதவீதமாக இருக்கும் இடத்தில், பாதைக் கோடு 10 மீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்தால் உயரத்தில் 6 மீட்டர் பிழை. விளைவு, சமமாக வெட்டிய வனச்சாலைகூடப் பல்வரிசை போல ஏறி இறங்கும், ‘அதிகபட்சச் சரிவு 28 சதவீதம்’ என்று செயலி பயமுறுத்தும். அடர்ந்த காட்டில் ராடார் தரையை முழுதாகப் பார்ப்பதும் இல்லை. மர உச்சியும் கலந்துவிடும். மறுபுறம், 15 மீட்டர் நீளமே உள்ள உண்மையான செங்குத்து ஏற்றத்தை அதே கட்டம் வழித்துச் சமமாக்கிவிடும். இல்லாததைக் காட்டி, இருப்பதை மறைக்கிறது. லேசர் அளவீட்டில் எடுத்த ஒரு மீட்டர் கட்டத் தரவு கிடைக்கும் பகுதி என்றால் கதையே வேறு, அதை நம்பலாம். மற்றபடி, மொத்த ஏற்றம் எவ்வளவு என்று பேட்டரிக் கணக்குக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் கூடுதலாகவே காட்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்

2004-ல் தொடங்கிய, யாரும் பதிந்து திருத்தக்கூடிய இந்தப் பொது வரைபடத்துக்குத்தான் பாதைகளைச் சலித்தெடுப்பதில் முதலிடம். காரணம், இதில் பாதையின் குணம் சொற்களாகப் பதிவாகியிருக்கும். ‘டிராக்’ என்றால் நான்கு சக்கர வண்டி போகும் அகலம்; ‘பாத்’ என்றால் எதுவாகவும் இருக்கலாம். ‘டிராக்டைப்’ கிரேடு 1 முதல் 5 வரை போகும், 1 கெட்டியான தளம், 5 வெறும் மண்ணும் புல்லும். இது கெட்டித்தன்மையை அளக்கிறது, வழவழப்பை அல்ல. வழவழப்புக்கு ‘ஸ்மூத்னெஸ்’ என்று தனிக்குறிப்பு. அதில் ‘இன்டர்மீடியேட்’ வரை சாதாரணச் சக்கர நாற்காலிக்கே ஆகும். ‘பேட்’ நம் வண்டிக்குத் தாராளம். ‘வெரி பேட்’ பார்த்துவிட்டுப் போக வேண்டியது. ‘ஹாரிபிள்’ என்றால் தேடலை அங்கேயே நிறுத்தலாம். ‘வீல்சேர் = நோ’ என்றிருப்பதைப் பார்த்து உடனே ஒதுக்காதீர்கள். அதைப் போட்டவர் மனதில் இருந்தது சின்னச் சக்கர நாற்காலி.

இந்த வரைபடத்தின் பதிவுகளில் தேடித் தரும் ஓவர்பாஸ் டர்போ என்ற தேடுபொறியில் ஒரு மலைப்பகுதியைச் சட்டமிட்டு, கிரேடு 1 முதல் 3 வரையுள்ள டிராக்குகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கூடவே அவற்றின் மேல் உள்ள ‘பேரியர்’ புள்ளிகள் எல்லாவற்றையும். ஏறித் தாண்டும் படி, சுழல் கதவு, மோட்டார் சைக்கிள் தடுப்பு எல்லாம் இந்தப் புள்ளிகளில்தான் இருக்கும். சாதாரணமாகப் பெரிதாக்கிப் பார்த்தாலொழிய வரைபடத்தில் தெரியாது. அரை நாள் தேடல் பத்து நிமிடத்தில் முடியும்.

பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரியது. குறிப்பு இல்லை என்றால் தடை இல்லை என்று அர்த்தமில்லை. யாரும் பதியவில்லை, அவ்வளவுதான். ஒரு பாதையில் கதவுகளும் பாலங்களும் விரிவாகப் பதிவாகியிருந்தால் அந்தப் பாதையின் மௌனத்தையும் ஓரளவு நம்பலாம். வெறும் கோடாக இருந்தால், அது யாரோ வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தது. கடைசியாகத் திருத்திய தேதியையும் பாருங்கள்.

வானிலிருந்து எடுத்த படம்

ஒரு புள்ளிக்கு 30 முதல் 50 செ.மீ. என்ற தெளிவில், ஒரு மீட்டர் அகலப் பாதை இரண்டு மூன்று புள்ளிகள்தான். கல்லின் அளவு தெரியாது, சரிவு தெரியாது, மரத்தடியில் எதுவுமே தெரியாது. ஆனால் ஒன்றை இதைப்போல வேறெதுவும் காட்டாது: இரட்டைச் சக்கரத் தடம். நடுவே புல் கோடும் இருபுறமும் வெளிர் தடமும் தெரிந்தால் ஜீப் போகிறது என்று பொருள். கதவு, பாலம், அகலம் மூன்றுக்கும் ஒரே பதில்.

அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. ஜீப்பின் தடங்கள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும். நம் சக்கரங்கள் 70 செ.மீ. தள்ளி. இரண்டு தடத்திலும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. ஒரு பக்கம் தடத்திலும் மறுபக்கம் நடுமேட்டிலுமாக ஓட நேரும். தடம் 15 செ.மீ. ஆழம் என்றால் சமதரையிலேயே 12 டிகிரி பக்கச் சாய்வு, கிலோமீட்டர் கணக்கில். மரம் ஏற்றிய லாரி மழையில் போன சாலை ஜீப்புக்கு நல்லது, இந்த வண்டிக்குத் தொல்லை. மூன்று சக்கர வண்டி என்றால் முன்சக்கரத்துக்கும் தனியாக ஓர் இடம் தேட வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் புரட்டினால் மரவெட்டு எப்போது நடந்தது, எந்த வளைவு ஒவ்வொரு மழைக்கும் அரிக்கிறது என்பது பிடிபடும்.

மற்றவர்கள் பதிந்த தடங்கள்

சைக்கிள் போன வழியில் நாமும் போகலாம் என்பது மிகப் பரவலான, மிக விலையுயர்ந்த தவறு. சைக்கிள்காரர் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டுவார். 150 கிலோ வண்டியை யார் தூக்குவது? உடற்பயிற்சித் தடங்களைப் பதியும் செயலியான ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடம் எத்தனை பேர் போனார்கள் என்று சொல்லும், எப்படிப் போனார்கள் என்று சொல்லாது. ஆனால் ஒவ்வொருவரும் ஜிபிஎஸ்ஸில் பதிந்த தனித்தனித் தடக்கோப்புகளைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். நாலைந்து பேரின் வேகமும் ஒரே இடத்தில் நடைவேகத்துக்கு விழுந்தால் அங்கே கதவோ படியோ தள்ளி ஏற்ற வேண்டிய ஏற்றமோ நிச்சயம். சைக்கிளைவிட நல்ல சாட்சி குதிரை வண்டித் தடம், அடுத்தது குழந்தைத் தள்ளுவண்டி. கையால் சுழற்றி ஓட்டும் மலைச் சைக்கிளின் தடமும் நல்லதுதான். ஆனால் அது தரையோடு தாழ்ந்து ஓடும் வண்டி. உயர இருக்கை வண்டிக்கு அதன் பக்கச்சரிவுத் தைரியம் வராது.

‘அனைவருக்கும் ஏற்றது’ என்று அறிவித்த பாதைகள்

பெரும்பாலும் சிறிய சுற்று, மென்மையான தளம், கட்டடச் சாய்தளத்துக்கான 1:12 (8.3 சதவீதம்) மனநிலையில் போட்டவை. ஆஃப்-ரோடு வண்டி வாங்கியவருக்குச் சலிப்புத் தட்டும். ஆனால் வண்டியை இறக்கச் சமதளமான நிறுத்தம், கழிப்பறை, பூட்டிய கதவின் சாவி யாரிடம் என்ற தகவல் இவற்றில்தான் கிடைக்கும். அந்த நிறுத்தத்திலிருந்தே மேலே பிரியும் வனச்சாலையைத் தேடுவது நல்ல உத்தி.

நிர்வாகத்தாரிடம் போனில் கேட்பதாக இருந்தால், ‘மாற்றுத்திறனாளி வண்டி போகுமா’ என்று கேட்காதீர்கள். ‘போகும்’ என்ற பதிலால் பயனில்லை. வாரந்தோறும் ஜீப் போகிறதா, எந்தக் கதவு பூட்டியிருக்கும், பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் எத்தனை சென்டிமீட்டர் சந்து, கடைசியாகச் சரளை கொட்டியது எப்போது? புதிதாகக் கொட்டிய 4 செ.மீ. உருட்டுச் சரளை, பழைய கரடுமுரடு மண்ணைவிட மோசம். ஏற்றத்தில் சக்கரம் அதில் குழி தோண்டி உட்கார்ந்துவிடும்.

பேட்டரி எந்தப் பாதைக்கு வாக்களிக்கும்?

இரண்டு பாதைகள் சமமாகத் தோன்றும்போது இதுதான் தீர்ப்பு. ஆளும் வண்டியுமாக 250 கிலோவை 100 மீட்டர் உயர்த்த 68 வாட்-மணி. மோட்டார், கியர் இழப்பு போக 60 சதவீதத் திறன் என்றால் பேட்டரியிலிருந்து சுமார் 115. கெட்டியான சரளையில் ஒரு கிலோமீட்டர் சமதரை ஓட்டம் சுமார் 35. ஈரப்புல்லிலோ இளகிய மண்ணிலோ அதே கிலோமீட்டர் 115 தின்றுவிடும், அதாவது 100 மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். ஆகவே ‘ஏற்றம் குறைவு’ என்று புல்வெளிப் பாதையைத் தேர்ந்தவர், வளைந்து வளைந்து ஏறும் சரளைச் சாலைக்காரரைவிட முன்னதாகவே நின்றுபோகலாம். 24 வோல்ட், 75 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பெயரளவுக்கு 1,800 வாட்-மணி. அதில் பாதியை மட்டும் திட்டத்தில் வையுங்கள். ஏற்றத்தின் அதிக மின்னோட்டமும் குளிரும் மீதியைக் கடித்துவிடும்.

உச்சியில் வண்டியை இறக்கிக் கீழே ஓட்டி வரும் திட்டம் சுலபமாகத் தோன்றும். முழு சார்ஜில் நீண்ட இறக்கம் தொடங்கினால், மோட்டார் பிரேக் பிடிக்கும்போது உருவாகும் மின்சாரத்தை ஏற்கப் பேட்டரியில் இடம் இருக்காது; மின்னழுத்தம் ஏறி, கட்டுப்பாட்டுப் பெட்டி பிழை காட்டி வண்டியை நிறுத்தலாம். கீழிருந்து ஏறி வந்த வழியே இறங்குவதே மேல்.

நடந்து பார்ப்பது

மேலே சொன்ன எல்லாம் ஐம்பது பாதையை மூன்றாக்க. மூன்றை ஒன்றாக்குவது கால்தான். கூட வருபவர் ஒருவர், ஒரு டேப், வண்டியின் அகலத்தோடு 10 செ.மீ. கூட்டி வெட்டிய குச்சி, ஒரு மீட்டர் நீளப் பலகை, சாய்வு காட்டும் செயலியுள்ள போன். போனை நேராகத் தரையில் வைத்தால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு எண் வரும். பலகையின் மேல் வைத்து, நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. குச்சி எங்கே இடிக்கிறதோ அங்கே படம். குறுக்கு வடிகாலில் ஆழத்தைவிட அகலத்தை அளந்து பாருங்கள்: சக்கரம் விழுந்து அடிப்பாகம் தட்டுமா என்பதை முடிவுசெய்வது அகலம்தான். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில், உங்களை நோக்கித் திறக்கும் கதவுக்குப் பின்வாங்க இடம் வேண்டும். வண்டி முழுதாகத் திரும்பக்கூடிய ஒவ்வொரு இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் பதியுங்கள். இரண்டு திரும்பும் இடங்களுக்கு நடுவே அரை கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், அந்தத் துண்டில் சந்தேகம் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது.

மழை பெய்த மறுநாள் நடப்பது உத்தமம். கூடவே, நின்றுபோனால் எப்படி வெளியே எடுப்பது என்பதையும் அதே நடையில் பார்த்துவிடுங்கள்: மீட்பு ஜீப் எந்தக் கதவு வரை வரும், போனில் சிக்னல் எந்த வளைவில் அறுகிறது. கூட வருபவருக்கு, வண்டியைக் கையால் தள்ள வழிசெய்யும் ஃப்ரீவீல் நெம்புகோலைக் காட்டும்போது, அதை இழுத்தால் மோட்டாரோடு பிரேக்கும் விடுபட்டுவிடும் என்பதையும் சொல்லி வையுங்கள். சரிவில் அதைத் தொடுவதற்கு முன், கீழ்பக்கச் சக்கரங்களுக்கு இரண்டு கல் முட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.